ஓடும் பாதை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: “சிங்கப்பூரில் ஓடுவதற்கு அழகான பாதை எது?” எந்த நேரத்தில் ஓடப்போகிறீர்கள் என்று எழுதாவிட்டால் பதில் சொல்வது கடினம். காலை ஆறே முக்காலுக்குக் கிழக்குக் கடற்கரை கண்ணுக்குக் குளிர்ச்சி. ஒன்பதரைக்கு அதே இடம் தோசைக்கல். நேரம், பேட்டை, தூரம் மூன்றையும் எழுதியவர்களை முதலில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஃபேரர் பார்க் அருகே தங்கியிருக்கிறேன். சிராங்கூன் சாலையில் ஓடினால் நூறு அடிக்கு ஒரு சிக்னல், ஐந்தடிப் பாதை முழுக்கக் கூட்டம். நிற்காமல் ஓட இடம் உண்டா? பத்து கிலோமீட்டர் வரை ஓடுவேன்.
— ஃபேரர் பார்க் வாசகர்

பதில்: ஆற்றைப் பிடியுங்கள். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் வாசலிலிருந்து தேக்காவுக்கு எதிர்த்திசையில், பூன் கெங் எம்ஆர்டி ரயில் நிலையப் பக்கமாகச் சிராங்கூன் சாலையிலேயே போங்கள். நிலையத்தைத் தாண்டிச் சற்று தூரத்தில் காலாங் ஆறு சாலைக்கு அடியில் ஓடுகிறது. அதுவரை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர்; சிக்னல்கள் உண்டு. இந்தப் பகுதியை உடல் சூடேற்றும் மெதுவோட்டமாக வைத்துக்கொண்டால் நிற்க வேண்டியிருப்பது எரிச்சல் தராது. ஆற்றங்கரைக்கு இறங்கி நீர் போகும் திசையில் திரும்பினால் பூங்கா இணைப்புப் பாதை தொடங்கும். கோலம் ஆயர், காலாங் பாரு வழியாகக் காலாங் ரிவர்சைட் பூங்கா வரை சுமார் இரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து நீர்முகப்பை ஒட்டித் தேசிய விளையாட்டரங்கம் போய்த் திரும்பினால் உங்கள் பத்துக் கிலோமீட்டர் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

இந்தப் பாதையில் புதியவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான், சாலையைக் கடக்கும்போது. சில பாலங்களுக்கு அடியில் நுழைந்து போகலாம். சிலவற்றில் மேலே ஏறி, சிக்னலில் கடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். முதல் முறை நடந்தே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாலத்தடிப் பாதைகள் தாழ்வானவை. மழைக்குப் பிறகு வண்டல் படிந்து வழுக்கும். கனமழையில் ஆறு சில நிமிடங்களில் ஏறிவிடும் என்பதால், மேகம் கறுத்தால் தாழ்பாதையைத் தவிர்த்து மேலேயே ஓடுங்கள்.

விளையாட்டரங்கத்தை அடைந்தபின் மழை பிடித்துக்கொண்டாலும் கவலை இல்லை. அரங்கைச் சுற்றிக் கூரையிட்ட வட்டப்பாதை இருக்கிறது. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே மாதிரி சுற்றுவது அலுப்பூட்டும் என்பது உண்மைதான். இடி இடிக்கும் மாலையில் அந்த அலுப்பு எவ்வளவோ மேல்.

பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகும் வழியில் ஓடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும், தூரம் நல்ல தூரம்தான். தைப்பூசத்தன்று காவடிக்கு வழிவிட்டுப் போக்குவரத்தை நிறுத்தி வைக்கிறார்கள். மற்ற நாளில் உங்களுக்கு யாரும் நிறுத்தித் தரப்போவதில்லை.

அழகுதான் முக்கியம் என்று எழுதியவர்களுக்கு மரினா பே சுற்று இருக்கிறது, ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர். மெர்லையன், 2015-இல் திறந்த ஜூபிலி பாலம், எஸ்பிளனேட், 280 மீட்டர் நீளமுள்ள ஹீலிக்ஸ் பாலம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் காட்சி மாறும். அதை ஞாயிறு காலை ஏழு மணிக்குள் முடியுங்கள். மாலையில் படமெடுப்பவர்களுக்கு நடுவே நெளிந்து நெளிந்துதான் போக முடியும். அங்கே கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். வானளாவிகளில் சிக்னல் எதிரொலித்து, ஓடாத தூரத்தையும் கூட்டிக் காட்டும். அன்று மட்டும் வேகம் கூடிவிட்டதாக மகிழ்ந்துவிட வேண்டாம்.

கேள்வி: காலை ஐந்தரைக்கு ஓடினால்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியும். அந்த நேரம் கும்மிருட்டு. தனியாக ஓடும் பெண்ணுக்குப் பொருத்தமான பாதை சொல்லுங்கள்.
— செங்காங் வாசகி

பதில்: இருட்டுக்குக் காரணம் நம் கடிகாரம். சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்கு உலக நேரத்தைவிட ஏழு மணி நேரம் முன்னால் இருப்பதே இயல்பு. 1982 முதல் எட்டு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறோம். அதனால் சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே எழுகிறது. நவம்பர் தொடக்கத்தில் 6.46 வாக்கில், பிப்ரவரியில் 7.16 வாக்கில். ஊரில் ஐந்தரைக்கு விடியத் தொடங்குமே என்ற கணக்கு இங்கே எடுபடாது.

உங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது பொங்கோல் நீர்வழி. நீர்வழியின் நீளம் 4.2 கிலோமீட்டர். ஒரு கரையில் போய் மறுகரையில் திரும்பினால் எட்டுக்கு மேல் வரும். நடுவிலுள்ள பாலங்களில் எதில் வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். பாதைவிளக்குகள் உண்டு, இருபுறமும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள், அதிகாலையிலேயே நடப்பவர்கள் இருப்பார்கள். அதன் கோடியில் இருக்கும் கோனி தீவுக்கு மட்டும் அந்த நேரத்தில் போக முடியாது. காலை ஏழு மணிக்குத்தான் திறக்கும், உள்ளே விளக்கும் இல்லை. விடுமுறை நாளில் வேறு இடம் வேண்டுமென்றால் பொட்டானிக் தோட்டம். காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும், உள்ளே சைக்கிளுக்கு அனுமதி இல்லை, வாசலிலேயே எம்ஆர்டி.

பாதுகாப்பு என்றால் முதலில் ஆட்களைப் பற்றித்தான் யோசிப்பீர்கள். அந்த நேரத்தில் உண்மையான தொல்லை சைக்கிள். பகிர்ந்துகொள்ளும் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை அனுமதி. மின்சைக்கிள் வரும் சத்தமும் கேட்காது. கறுப்பு டீசட்டையைத் தவிருங்கள். முதுகிலும் கணுக்காலிலும் ஒளி எதிரொலிக்கும் பட்டை கட்டுங்கள். ஆடும் கால்தான் தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படும் என்பதால் கணுக்கால் பட்டை முக்கியம். இடமாக ஓடுங்கள், ஒரு காதையாவது திறந்து வையுங்கள், திரும்பும் முன் தோளுக்குமேல் பாருங்கள். பாட்டு கேட்டே ஆக வேண்டுமென்றால் காதை அடைக்காத, எலும்பு வழி ஒலி கடத்தும் ஹெட்போன் உதவும்.

நீர்நாய்க் கூட்டம் பாதையைக் கடந்தால் நின்றுவிடுங்கள். குட்டிகளுக்கும் தாய்க்கும் நடுவே ஓடுவதுதான் ஆபத்து. காட்டுப்பன்றி தென்பட்டால் பின்வாங்கிச் சுற்றிப் போங்கள். கைபேசியில் ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்க வேண்டாம்.

கேள்வி: மெக்ரிட்சியில் நீர்த்தேக்க முகப்பில் மட்டும் நடந்திருக்கிறேன். காட்டுப் பாதையை முழுச் சுற்றாக ஓட ஆசை. பூங்கா இணைப்புப் பாதையில் பத்துக் கிலோமீட்டரை 65 நிமிடத்தில் ஓடுகிறேன். அங்கும் அதே நேரம் வருமா? குரங்கு பயமும் உண்டு.
— தோ பாயோ வாசகர்

பதில்: வராது. 75 முதல் 85 நிமிடம் என்று வைத்துக்கொண்டு இறங்குங்கள். சுற்று ஏறத்தாழ 10 முதல் 11 கிலோமீட்டர். எந்தக் கிளைப்பாதையில் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். கேல்டிகாட் எம்ஆர்டியிலிருந்து நடந்தே போகலாம்.

நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நின்றால் இடது பக்கம் லோர்னி பாதை. அகலமானது, ஏற்ற இறக்கம் மிதமானது. வலது பக்கம் போகும் பாதை குறுகலானது. வேரும் கல்லும் அதிகம். பலர் இடது பக்கம் தொடங்கி வலது பக்கமாக வந்து முடிக்கிறார்கள். முதல் முறை போகிறவர் இதைத் தலைகீழாகச் செய்வது நல்லது. விழுவது பெரும்பாலும் கடைசி மூன்று கிலோமீட்டரில் நடக்கும், ஏனென்றால் களைத்த கால் தரையிலிருந்து உயர்வது குறைந்துவிடும். அந்த நேரத்தில் வேர் இருக்கும் பக்கம் இருக்கக் கூடாது. கால் புதிதாக இருக்கும்போதே கரடுமுரடை முடித்துவிட்டு, லோர்னி வழியாகக் கவலையில்லாமல் திரும்புங்கள்.

வேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதைக்குக் குறுக்கே போகும் வேரில் ஆயிரம் கால் பட்டுப் பட்டை உரிந்திருக்கும். நனைந்தால் அது சோப்புக்கட்டி. பாதைக்கு நேர்க்குறுக்காகக் கிடப்பதைவிடச் சாய்வாகக் கிடக்கும் வேர் மோசம், பாதத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். வேர்மேல் மிதிக்காமல் தாண்டி, அதற்கு அப்பாலுள்ள மண்ணில் கால் வையுங்கள். இறக்கங்களில் இறுகிய களிமண்மேல் சரளை உருளும். அங்கே குதிகாலைக் குத்தி நிறுத்தப் பார்த்தால் சறுக்கும். அடியைப் பாதியாகக் குறைத்து, முழுப் பாதத்தையும் பதித்து, வேகமாக எண்ணுவதுபோல் இறங்குங்கள். பார்வை நான்கைந்து அடி முன்னால் இருக்கட்டும். ஷூவின் அடிப்பாகத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் புடைப்பு இருந்தால் போதும். கயிற்று நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.

காட்டுக்குள் மரமேல் தொங்குபாலம் இருக்கிறது. 250 மீட்டர் நீளம், மிக உயர்ந்த இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். அது ஒருவழிப்பாதை, வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கும் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் எட்டரைக்கும்தான் திறக்கும், பொது விடுமுறை தவிர்த்த திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். நடந்து ரசிக்க வேண்டிய இடம் அது. ஓட்டத்தில் சேர்க்காமல் வேறொரு நாள் குடும்பத்தோடு போங்கள்.

குரங்குகள் உங்களைப் பார்ப்பதில்லை, உங்கள் கையைப் பார்க்கின்றன. பிளாஸ்டிக் பை சரசரத்தால் தீனி என்று அவற்றுக்கு நாம்தான் கற்றுக்கொடுத்தோம். ஜெல் உறை, வாழைப்பழம், தண்ணீர்ப் புட்டி எதையும் கையில் பிடிக்காதீர்கள். முதுகுப்பையிலோ இடுப்புப்பட்டையிலோ வையுங்கள். கூட்டம் உட்கார்ந்திருந்தால் ஓட்டத்தை நடையாக்கி, கண்ணோடு கண் பார்க்காமல், பல்லைக் காட்டாமல் கடந்து போங்கள். உங்கள் சிரிப்பு அவற்றுக்கு மிரட்டல். உணவு கொடுத்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

தொடங்கும் இடத்திலுள்ள வரைபடப் பலகையைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முதல் இடிச் சத்தம் கேட்டதும் முன்னால் போவதா திரும்புவதா என்று அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். குறைந்த தூரம் எதுவோ அது.

கேள்வி: வயது 61. முழங்கால் வலி வந்து ஆறு மாதம் நிறுத்தியிருந்தேன். மருத்துவர் மெதுவாக ஓடலாம் என்று சொல்லிவிட்டார். கிழக்குக் கடற்கரையில் மணலில் ஓடினால் முழங்காலுக்கு மென்மை என்கிறார்கள். சரியா?
— மரின் பரேட் வாசகர்

பதில்: மணல் மென்மைதான், ஆனால் குதிகால் புதையும். அந்தச் சுமை முழுவதும் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் போகும். கடற்கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கப்போய் இடுப்பில் வலி வாங்கிக்கொள்வீர்கள். பாதைக்குப் பக்கத்திலுள்ள புல்வெளிதான் உங்களுக்கு ஏற்றது. குழி இருக்கிறதா என்று வெளிச்சம் வந்தபின் பார்த்துக்கொண்டு ஓடுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என எட்டு முறை. வாரம் மூன்று நாள். மறுநாள் காலை படி இறங்கும்போது வலிக்காவிட்டால் அடுத்த வாரம் ஒரு முறை கூட்டுங்கள்.

பூங்கா ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம், மேடே கிடையாது. 2024 ஜூனில் தாம்சன்-கிழக்குக் கடற்கரை ரயில்பாதையில் மரின் பரேட், சிக்லாப் நிலையங்கள் திறந்தபிறகு கார் இல்லாதவர்களுக்கும் எளிதாகிவிட்டது. நிலையத்திலிருந்து விரைவுச்சாலைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதை வழியாகக் கடற்கரைக்கு வந்துவிடலாம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்று வடகிழக்கிலிருந்து வீசும். சாங்கி திசையில் எதிர்க்காற்றோடு போய்த் திரும்பினால் பின்காற்று தள்ளிக்கொண்டு வரும் என்று நினைப்போம். தள்ளும்தான், ஆனால் குளிர்ச்சி தராது. காற்றின் வேகத்திலேயே நீங்களும் போவதால் வியர்வை உலராமல் உடல் புழுங்கும். தாமதமாக, எட்டு மணிக்குமேல் ஓடுகிற நாளில் திசையை மாற்றி, வெயில் ஏறிய பிற்பாதியில் எதிர்க்காற்று முகத்தில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேசிய சேவை உடலுறுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டரை 13 நிமிடம் 30 விநாடியில் ஓடுகிறேன். எட்டு வாரத்தில் 12 நிமிடத்துக்குக் கொண்டுவர முடியுமா?
— ஈசூன் வாசகர்

பதில்: ஒழுங்காகப் பயிற்சி செய்தால் வாய்ப்பு உண்டு. 2.4 என்பது 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. இப்போது சுற்றுக்கு 2 நிமிடம் 15 விநாடி. தேவை சரியாக 2 நிமிடம். வாரம் ஒருநாள் தடத்தில் 400 மீட்டரை 2 நிமிடத்தில் ஆறு முறை, இடையில் ஒன்றரை நிமிட நடை. நான்காம் வாரத்திலிருந்து 800 மீட்டரை 4 நிமிடத்தில் மூன்று முறை, இடையில் மூன்று நிமிடம். ஏழாம் வாரம் 1,600 மீட்டரை 8 நிமிடத்தில் ஒரு முறை. மற்ற இரண்டு நாள் 30 முதல் 40 நிமிடம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கப் பக்கம் அதற்கு நல்ல இடம்.

கெட்டுப்போவது முதல் சுற்றில். உற்சாகத்தில் 1.45-க்கு ஓடிவிட்டு நான்காம் சுற்றில் தவிப்பார்கள். முதல் சுற்று 2.02 வந்தால் சந்தோஷப்படுங்கள். இன்னொன்று, 400 மீட்டர் என்பது உட்புற முதல் வரிசைக்கு மட்டும்தான். ஒவ்வொரு வரிசை வெளியே போகும்போதும் சுற்றுக்கு ஏழரை மீட்டருக்கு மேல் கூடும். நான்காம் வரிசையில் ஒரு சுற்று 423 மீட்டர். ஆறு சுற்றில் கிட்டத்தட்ட 140 மீட்டர் அதிகம் ஓடிவிட்டு, நேரம் குறையவில்லையே என்று வருந்தாதீர்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். ஆனாலும் தலைவலி, குமட்டல். இன்னும் குடிக்க வேண்டுமா?
— பிடோக் வாசகி

பதில்: குறைக்க வேண்டும். ஓடுமுன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 58.4 கிலோ 57.5 ஆகியிருந்து, இடையில் 300 மில்லிலிட்டர் குடித்திருந்தால், வியர்த்தது 1.2 லிட்டர், மீதிக் குறை 900 மில்லிலிட்டர்தான். அதற்கு 1.2 லிட்டர் போதும், அதையும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரித்துக் குடியுங்கள். வெறும் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறையும். நீங்கள் சொல்லும் தலைவலியும் குமட்டலும் அதனால் வரக்கூடும். நம் வீட்டு நீர்மோரே நல்ல மருந்து. ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர், அரை லிட்டருக்கு எட்டில் ஒரு தேக்கரண்டி உப்பு. ஓட்டத்துக்குப் பிறகு மட்டும். வயிற்றில் மோரோடு ஓடாதீர்கள். தண்ணீரைக் குறைத்தும் தலைவலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: புகைமூட்ட நாளில் ஓடலாமா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் ஒரு மணி நேர பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவைப் பாருங்கள். 24 மணி நேரக் குறியீடு நேற்றைய காற்றையும் சேர்த்துச் சொல்வது. இப்போது வெளியே போகலாமா என்பதற்கு அது உதவாது. அளவு உயர்ந்திருந்தால் வீட்டில் தண்டால் எடுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் பதினைந்து வயது மகனும் ஒருவழியாக ஓடி, ரயிலில் திரும்ப ஒரு பாதை வேண்டும். ஒரே வேகத்தில் ஓடமாட்டோம். யாரும் வழி தவறக் கூடாது.
— சுவா சூ காங் வாசகர்

பதில்: பழைய மலாயா ரயில்பாதை. 2011 ஜூலை 1-இல் சிங்கப்பூரிடம் திரும்பிவந்த நிலம், மொத்தம் 24 கிலோமீட்டர். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் பாதையும் மேடில்லாதது. கோடு போட்டதுபோல் போவதால் மகன் முன்னால் ஓடினாலும் தொலையமாட்டான். 2025 பிப்ரவரியில் திறந்த ஹியூம் எம்ஆர்டியில் இறங்கி, அப்பர் புக்கிட் தீமா சாலைமேல் நிற்கும் இரும்புப் பாலத்தருகே பாதையில் ஏறித் தெற்கே திரும்புங்கள். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டரில் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம். கழிப்பறையும் காப்பியும் அங்கே உண்டு, பக்கத்தில் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி. களைத்தவர் அங்கே நிறுத்திக்கொள்ள, மற்றவர்கள் இன்னும் ஒரு நான்கு ஓடி புவன விஸ்தாவில் முடிக்கலாம். சந்திக்கும் நிலையத்தை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இருமருங்கும் மரம் இருந்தாலும் தலைக்குமேல் பெரும்பாலும் திறந்த வானம்தான், எட்டரைக்குள் முடியுங்கள். மழைக்கு மறுநாள் சரளையில் குட்டை தேங்கும், வெள்ளை ஷூ வேண்டாம். ஆளுக்கொரு பயண அட்டையும், மாற்று டீசட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த சட்டையோடு ரயிலின் ஏர்கானில் உட்கார்ந்தால் நடுங்கிவிடும். தண்ணீரை நிலையத்துக்கு வெளியிலேயே குடித்து முடியுங்கள். ரயிலில் ஒரு மிடறு பச்சைத் தண்ணீருக்கும் அனுமதி இல்லை.